ஜார்ஜி ஒயிட்டுக்கு அந்த ஆறு தெரியும்

போன வாரம் ஒரு நண்பரிடம் ஜார்ஜி ஒயிட் பற்றிப் பேச்செடுத்தேன். "யாரு, புருஷனைக் கொன்னுட்டு ஓடிப்போன பொம்பளைன்னு சொல்வாங்களே, அவங்களா?" என்றார். சுருக்கென்றது. அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள், நாற்பது வருடம் ராஃப்ட் என்ற மிதவைப் படகு ஓட்டி ஆட்களைக் கூட்டிப்போன பெண் அவர். அவ்வளவு பெரிய உழைப்பில் கடைசியில் ஊர் வாயில் மிஞ்சுவது இந்த வதந்திதானா? அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வதந்தியை முதலில் முடித்துவிடுகிறேன். 1928 இல் கிளென் ஹைட், பெஸ்ஸி ஹைட் என்ற புதுமணத் தம்பதி அதே ஆற்றில் படகில் போனார்கள். படகு கிடைத்தது. ஆட்கள் கிடைக்கவே இல்லை. 1992 இல் ஜார்ஜி இறந்த பிறகு அவருடைய பொருட்களுக்கு நடுவே அந்தத் தம்பதியின் திருமணச் சான்றிதழும் ஒரு கைத்துப்பாக்கியும் இருந்தன. போதாக்குறைக்கு, ஜார்ஜிக்குப் பெற்றோர் வைத்த பெயரும் பெஸ்ஸிதான். உடனே கதை கிளம்பிவிட்டது: கணவனைக் கொன்ற பெஸ்ஸிதான் பெயரை மாற்றிக்கொண்டு அதே ஆற்றுக்குத் திரும்பி வந்தாள் என்று. கணக்குப் போட்டாலே உதைக்கும். 1944 இல் ஜார்ஜியின் மகளுக்கு 15 வயது. அப்படியானால் அந்தத் தம்பதி காணாமல்போன நாட்களில் ஜார்ஜி வேறொரு குடும்பத்தில், பிள்ளைப்பேற்றை ஒட்டி இருந்தவர். ஆற்றின் வரலாற்றைத் தோண்டிப் பார்த்தவர்களும் இந்தக் கதையை ஏற்கவில்லை. ஆனாலும் பரவுகிறது. ஒரு பெண்ணின் திறமையை நம்புவதைவிட அவளுக்குப் பின்னால் ஒரு மர்மம் இருப்பதாக நம்புவது நமக்குச் சுலபமாக இருக்கிறது.

நடந்தது என்ன? 1944 இல் கலிஃபோர்னியாவில் அம்மாவும் மகளும் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவன் மகளை இடித்தான். அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்தது. ஒரே பிள்ளை. அதற்குப் பிறகு எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தவர், ஹாரி ஏல்சன் என்ற ஆற்றுப் பயணியைச் சந்தித்தார். 1945 இல் இருவரும் படகே இல்லாமல், லைஃப் ஜாக்கெட் மட்டும் போட்டுக்கொண்டு, கிராண்ட் கேன்யனின் கீழ்ப்பகுதியில் வெள்ளத்தில் குதித்தார்கள். ஒருவர் மணிக்கட்டை ஒருவர் இறுகப் பிடித்தபடி சுமார் 60 மைல் மிதந்து போனார்கள். மறுவருடமும் ஆற்றில் இறங்கினார்கள்.

பலரும் கதையை இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். மகளை இழந்த தாய், மனம் வெறுத்து ஆற்றில் விழுந்தாள் என்று. துக்கம் உண்மைதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் துக்கம் யாருக்கும் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்காது. 1869 இல் ஒற்றைக் கையோடு இதே ஆற்றில் ஆய்வுப் பயணம் இறங்கிய ஜான் வெஸ்லி பவலிடம் எந்தத் துயரம் உன்னை இங்கே தள்ளியது என்று யாரும் கேட்பதில்லை.

1952 இல் ஜார்ஜி கிராண்ட் கேன்யன் முழுவதையும் தானே துடுப்புப் போட்டுக் கடந்தார். அப்படிக் கடந்த முதல் பெண். அப்புறம் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளும் முறையில் ஆட்களைச் சேர்த்துக் கூட்டிப்போக ஆரம்பித்தார். அங்கேதான் அவருடைய மூளை வேலை செய்கிறது.

கொலராடோவில் பெரிய பாறைக்கு மேல் தண்ணீர் ஏறி மறுபக்கம் விழும்போது, கீழே ஒரு குழி விழும். விழுந்த தண்ணீர் முன்னே போகாமல் பின்பக்கமாகவே சுருண்டு வந்து அடிக்கும். சின்னப் படகு அதில் இறங்கினால் எதிரே எழும் அலை மூக்கைத் தூக்கிப் பின்னால் புரட்டிவிடும். இதற்கு ஜார்ஜி கண்ட வழி: போருக்குப் பிறகு ராணுவம் கழித்துப்போட்ட, தற்காலிகப் பாலம் போடப் பயன்பட்ட பெரிய ரப்பர் மிதவைகளை வாங்கினார். மூன்றைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டினார். ஒவ்வொன்றும் 30 அடிக்கு மேல் நீளம். நடுமிதவையின் பின்னால் ஒரு சின்ன மோட்டார். குழியின் வாய்க்கு இது அடங்காது. ஒரு மிதவை கீழே இறங்கும்போது பக்கத்து மிதவை மேலே நிற்கும், கட்டிய கயிறு நெளிந்துகொடுக்கும். மரப்படகுக்காரர்கள் இளக்காரம் செய்தார்கள். ஆனால் அலை கண்டு நடுங்கும் சாதாரண ஆட்கள், வயதானவர்கள்கூட, அந்தப் பள்ளத்தாக்கின் அடியை இந்த மிதவைகளில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள். இன்று அங்கே ஓடும் பெரிய மோட்டார் ராஃப்ட்டுகளின் மூலம் இது.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. அவர் அந்த ஆற்றை இரண்டு முறை கற்க வேண்டியிருந்தது. முதலில் கற்றது பனி உருகிப் பொங்கும், செம்மண் கரைந்த ஆறு. 1963 இல் மேலே கிளென் கேன்யன் அணையின் மதகுகளை மூடித் தண்ணீரைத் தேக்க ஆரம்பித்தார்கள். அணையின் ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் குளிர்ந்து விறைத்தது, தெளிந்தது. மின்சாரத் தேவைக்கு ஏற்பத் திறந்துவிடுவதால் ஒரே நாளில் ஏறும், இறங்கும். ராத்திரி கட்டிய படகு காலையில் மணலில் உட்கார்ந்திருக்கும். அது போதாதென்று, 1966 டிசம்பரில் பக்கத்து ஓடையில் வந்த வெள்ளம் பாறைகளை உருட்டி வந்து கொட்டியதில், அதுவரை பெரிதாக மிரட்டாத கிரிஸ்டல் என்ற இடம் ஆற்றின் மிக மோசமான இடங்களில் ஒன்றாகிவிட்டது. மனப்பாடமாக வைத்திருந்த வழியெல்லாம் வீண். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்தை ஒட்டிய வயது. மறுபடி முதலிலிருந்து ஆற்றைப் படித்தார்.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சாப்பாடு என்றால் தகர டப்பாதான். அவருடைய பயணங்களில் அடிபட்டவர்கள் உண்டு, அவரை முரட்டு ஆள் என்று சொன்ன கைடுகளும் உண்டு. அதையும் பேசுவோம். எந்தப் படகோட்டியையும் பற்றி அப்படித்தானே பேசுகிறோம்.

1991 வரை ஓட்டினார். ஏறக்குறைய 80 வயது. சிறுத்தைப் புள்ளி போட்ட நீச்சலுடை, தோல் சுருங்கிய கை, அந்தக் கை மோட்டார் பிடியில். மறுவருடம் மே மாதம் புற்றுநோயில் இறந்தார். பள்ளத்தாக்கின் 24 ஆவது மைலில் தண்ணீர் கொந்தளிக்கும் ஓர் இடம் உண்டு. 2001 முதல் அதன் பெயர் ஜார்ஜி ரேப்பிட்.