குட்மன் ட்ரையோவில் பாஸ் இல்லை
பென்னி குட்மன் ட்ரையோ என்ற ஜாஸ் மூவர் குழுவின் 1935 இசைப்பதிவுகளில், பெயர் போடப்படாத ஒரு பாஸ் (கீழ்ச்சுரங்களை வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) கலைஞரும் வாசித்தார் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். சிலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள். அப்படி ஒருவர் இல்லை. 1935 ஜூலை 13 அன்று விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக வாசித்தவர்கள் மூவரே: கிளாரினெட்டில் குட்மன், பியானோவில் டெடி வில்சன், டிரம்ஸில் ஜீன் க்ரூபா. அடியில் தாங்கி நடக்கும் அந்த ஒலி வில்சனின் இடது கை. (பாஸ் என்று தோன்றியதில் வியப்பில்லை, அவ்வளவு சீரான கை!) சாண்டா பார்பராவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒலிப்பதிவுப் பட்டியல் இணையத்தில் இலவசம், ட்ரையோவின் பெயரைத் தேடினால் வாசித்தவர்கள் விவரம் வரும். இல்லையென்றால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அன்று பதிவான ‘பாடி அண்ட் சோல்’ கேளுங்கள். கீழ்ச்சுரங்களில் விரலால் சுண்டிய தந்தியின் ஒலி எங்குமே இருக்காது, பியானோதான் கேட்கும்.