பேட்டன்ட் இல்லாமலும் வழக்குப் போடலாம்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் கடல்பாசி வளர்க்கும் தெப்பத்துக்குக் கயிறு கட்டும் கருவி செய்து, வெளியே சொல்லக் கூடாது என்று ரகசிய ஒப்பந்தம் போட்டு ஒரு கம்பெனிக்குக் காட்டியவருக்கு, "பேட்டன்ட் (காப்புரிமை) வாங்காதவரை ரகசிய ஒப்பந்தம் வெறும் காகிதம், கம்பெனி மீறினாலும் ஒன்றும் செய்ய முடியாது" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். தவறு அண்ணே. இதை நம்பி அவர் சும்மா இருந்துவிடக் கூடாது.

இந்தியாவில் வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை, அது உண்மைதான். ஆனால் 1872 ஒப்பந்தச் சட்டம் இருக்கிறதே! 73-ஆம் பிரிவில் நஷ்டஈடு கேட்கலாம். நஷ்டஈட்டுத் தொகையை ஒப்பந்தத்தில் முன்பே எழுதியிருந்தால் 74-ஆம் பிரிவுப்படி, அதற்கு மிகாமல் நியாயமானதை கோர்ட் கொடுக்கும். வழக்குப் போட 3 வருடம் அவகாசம் உண்டு. ஆனால் அவ்வளவு நாள் பொறுக்கவே கூடாது. கருவியின் சூட்சுமம் பாம்பன், தொண்டி என்று பரவிவிட்டால் எந்தத் தொகையும் அதைத் திரும்ப ரகசியமாக்காது. வழக்கோடு, தீர்ப்பு வரும்வரை கம்பெனி அதை வெளியிடக் கூடாது என்று இடைக்காலத் தடையும் கேட்க வேண்டும்.

பேட்டன்ட் வாய்ப்பும் போய்விடவில்லை. அவரிடம் தெரிந்துகொண்டதை அவர் சம்மதமில்லாமல் கம்பெனி வெளியிட்டிருந்தால், 'ஏற்கெனவே வெளியானது' என்று அதைக் காட்டி பேட்டன்ட்டை மறுக்காதபடி 1970 காப்புரிமைச் சட்டம் 29(2) அவருக்குத் துணை நிற்கும். தெரிந்ததும் தாமதிக்காமல் விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். அவரே அதற்குள் கருவியை விற்கத் தொடங்கியிருந்தால் மட்டும் சிக்கல். கம்பெனி தன் பெயரில் விண்ணப்பித்தால் 25-ஆம் பிரிவில் ஆட்சேபிக்கலாம்.

அப்புறம், கரையில் வைத்து ஓட்டிக் காட்டிய அன்று எடுத்த போன் வீடியோ, கம்பெனிக்காரர்களோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள், எதையும் அழிக்க வேண்டாம். ஒப்பந்தத்தோடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.