ஒவ்வொரு நாளும் உச்ச எடையா?

போன கிழமை ஜிம்மில் எங்கள் பொடியன் உச்ச எடை தூக்கப்போய் முதுகு நொந்ததைப் பற்றி இன்பொக்ஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சரி, இங்கேயே சொல்கிறேன். மாகாண விளையாட்டுப் போட்டியில் இரும்புக் குண்டு போடப் (ஷொட்புட்) போகிற பொடியனை ஒவ்வொரு நாளும் அவனால் தூக்கக்கூடிய உச்ச எடையைத் தூக்கவைப்பது பிழை. தினமும் சோதனை வைத்தால் பிள்ளை எப்போது படிக்கும்?

அவனைத் தூக்கவைத்தவர்களே, நான் அவனுக்கு எழுதிக்கொடுத்த பயிற்சிக் கொப்பியை எல்லார் முன்னாலும் வாசித்துச் சிரித்தீர்களே, அது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. 1960களில் சோவியத்தில் விளையாட்டுப் பயிற்சி ஆய்வாளர் மத்வேயேவ் எழுதிவைத்த வழிதான். முதலில் பாரம் குறைவு, தடவை கூட. போகப்போக பாரம் ஏறும், தடவை குறையும். கனமான நாளில் செட்டுக்கு நடுவே மூன்று நிமிடமாவது ஓய்வு. அந்த ஓய்வைப் பார்த்துத்தான் சோம்பேறித்தனம் என்றீர்கள்.

"அதெல்லாம் பழசு, இப்போ நாளுக்கு நாள் மாற்றுவதுதான்" என்று ஒரு தம்பி வருவார். தெரியும் தம்பி. திங்கள் கனம், புதன் நடுத்தரம், வெள்ளி வேகம். கிழமைக்குக் கிழமை மேட்ச் உள்ள உதைபந்தாட்டக்காரருக்கு நானும் அதைத்தான் கொடுப்பேன். 2002இல் அமெரிக்க ஆய்வாளர் ரியாவின் குழு செய்த ஆய்வில் அந்த முறைதான் முன்னுக்கு நின்றது, பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் பெரிய வித்தியாசம் இல்லை என்றார்கள். எதுவானாலும் அதில் ஒரு திட்டம் இருக்கிறது. தினமும் உச்சம் தூக்குவதில் என்ன திட்டம்?

"பல்கேரியப் பளுதூக்கும் அணிக்காரன் தினமும் உச்சம் தூக்கினானே" என்கிறீர்கள். அவர்களுக்கு அதுவே முழுநேர வேலை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஊக்கமருந்தில் அகப்பட்டு அந்த அணி பாதியில் வெளியேறியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் பொடியன் விடிய வாவியில் அப்பாவோடு வலை இழுத்து, பள்ளிக்கூடம், டியூஷன் எல்லாம் முடித்து வருகிறவன். குண்டு போடப் பலம் மட்டும் காணாது, அது ஒரு நொடிக்குள் வெளியே வரவேண்டும். அதற்குப் பாதிப் பாரமோ அதற்கும் குறைவோ வைத்து முழு வேகத்தில் பாய்ந்து எழும்பிப் பழகவேண்டும். களைத்த உடம்பில் எங்கே வேகம் வரும்?

அன்று ஜிம்மில் பாரத்தைத் தோளில் வைத்துக் குந்தி எழும்பும் ஸ்குவாட்டில் மூன்றாவது தடவை எழும்பும்போது அவன் குதிக்கால் தரையை விட்டுக் கிளம்பியது, முழங்கால் ரெண்டும் உள்ளே மடங்கியது. பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். "இன்னும் பத்துக் கிலோ போடு" என்று கத்தியவர்கள் பார்க்கவில்லை. நான் மறித்தபோது "உங்களுக்குப் பொறாமை" என்றார்கள். இத்தனை வருஷம் ஒரு சதம் வாங்காமல் இந்தப் பிள்ளைகளோடு நிற்கிறேன், எனக்கு யாரில் பொறாமை?

நேற்று அவன் அம்மா கோல் எடுத்து "இனி அவனை விளையாட்டுக்கு விடவா, வேணாமா" என்று கேட்டா. அந்த முதுகு நோவுக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும். கொமென்டில் வந்து சொல்லுங்கள், அழிக்கமாட்டேன்.