கணிதப் பேராசிரியரும் கோயில் வாசலும்

இரண்டு கிழமையாக ஒரு விசயத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகத்தில் படிக்கிற மருமகன் "விஞ்ஞானிக்கு எதுக்கு மாமா அரசியல்?" என்று கேட்டதில் தொடங்கியது.

தேடப் போனால் முதலில் இங்கிலாந்துதான் வருகிறது. 1931 இல் லண்டனில் நடந்த அறிவியல் வரலாற்று மாநாட்டில், சோவியத்திலிருந்து வந்த பொரிஸ் ஹெசன் என்ற பௌதிகவியலாளர், நியூட்டனின் இயக்கவியல் சும்மா வானத்திலிருந்து விழவில்லை, கப்பலோட்டம், சுரங்கம், பீரங்கி என்று அந்தக் காலத்துத் தேவைகள் அதற்குப் பின்னால் இருந்தன என்று ஒரு கட்டுரை வாசித்தார். ஜே.டி. பேர்னல் போன்ற இடதுசாரி விஞ்ஞானிகளை அது உலுப்பிவிட்டது. ஐந்து வருசத்தில் ஹெசனை அவருடைய அரசே சுட்டுக் கொன்றது. பேர்னல் பிறகும், மரபியலை மறுத்த ஸ்டாலின் கால விவசாய விஞ்ஞானி லைசென்கோவுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய மூளை!

சரி, எங்கட பக்கம்? 1947 பாராளுமன்றத் தேர்தலில் வவுனியாவில் வென்ற சி. சுந்தரலிங்கம், ஒக்ஸ்போர்டில் படித்த, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர். மந்திரியாகி, மலையகத் தமிழரின் பிரஜாவுரிமைச் சட்டப் பிரச்சினையில் அந்தப் பதவியையும் உதறினவர். பிறகு தமிழருக்குத் தனிநாடு என்று பேசினவர். இதெல்லாம் இங்கே வயதானவர்கள் வாய் நிறையச் சொல்லுவார்கள். 1968 இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதி ஆக்களை விடக்கூடாது என்று முன்னுக்கு நின்றவரும் அவர்தானே என்று கேட்டால், "தம்பி, தேத்தண்ணி குடியும்" என்பார்கள்.

எனக்கு இதுதான் எரிச்சல். பிடித்த பாதியை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறோம். யாழ்ப்பாணத்தில் உடற்கூற்றியல் படிப்பித்த ரஜனி திராணகமவும், கணிதம் படிப்பித்த ராஜன் ஹூலும் ஸ்ரீதரனும் அரசு, இந்திய இராணுவம், ஆயுத இயக்கங்கள் என்று எவரையும் விடாமல் கொலைகளைப் பதிவு செய்தார்கள். 1989 செப்டெம்பர் 21 அன்று வளாகத்திலிருந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது ரஜனியைச் சுட்டுக் கொன்றார்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அந்தப் பெயரைப் பல வருசம் சத்தமாகச் சொல்லக்கூட ஏலாமல் இருந்தது. விஞ்ஞானிகளின் அரசியலை எழுதுகிறவர் சுந்தரலிங்கத்தையும் ரஜனியையும் ஒரே அத்தியாயத்தில் வைத்துத்தான் எழுத வேண்டும், அது எவ்வளவு கசந்தாலும்.

ஆனால் எதை வைத்து எழுதுவது? பேர்னலின் கடிதங்கள் கேம்பிரிட்ஜில் பெட்டி பெட்டியாகப் பத்திரமாக இருக்கும். என் அப்பா சேர்த்த தீண்டாமை ஒழிப்புப் போராட்டத் துண்டுப்பிரசுரங்களை 2009 தையில், போர் நெருங்கி வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிடும்போது உரப்பையில் போட்டு, மாமரத்தடியில் தாட்டுவிட்டுத்தான் ஓடினோம். திரும்பி வந்து மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தால், பை அப்படியே கிடக்கிறது, உள்ளே கறையான் புற்றும் துருப்பிடித்த ஸ்டேப்ளர் கம்பிகளும். கம்பிகளை எண்ணி நாற்பது பிரசுரமாவது இருந்திருக்கும் என்றார் அப்பா.

மாவிட்டபுரம் காலத்துப் பிரசுரம் எவரிடமாவது இருந்தால் போனில் படமெடுத்து இன்பொக்ஸில் போடுங்கள். அரைவாசி அரித்துப்போனதென்றாலும் பரவாயில்லை.