அசைகள் ஊசல்போல் ஆடுகின்றனவா?

பேச்சின் அசைகள், அதாவது ஓர் உயிரொலியைச் சுற்றி ஒன்றாக ஒலிக்கும் துண்டுகள், ஊசல்போல் ஒழுங்காக ஆடுகின்றன, கேட்கும் மூளையும் அந்த ஆட்டத்தோடு சேர்ந்தே பேச்சை விளங்கிக்கொள்கிறது என்று ஒரு கருத்து உண்டு. அதில் ஒரு பாதியைத்தான் நான் ஏற்கிறேன்.

கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய குரல்பதிவை, நேரத்தை மிச்சம்பிடிக்க என் மகன் இரட்டை வேகத்தில் ஓடவிட்டபோது, மாங்குளத்து வீட்டு விறாந்தையில் இருந்த அம்மா, “விளங்கேல்லை அப்பன், ஆறுதலாப் போடு” என்றார். அவன் வேகத்தைக் குறைக்கவில்லை; இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் போட்டான். அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

இதை ஒத்த ஒன்றைப் பேச்சு ஆய்வாளர்களான ஒடெட் கிட்சாவும் ஸ்ரீவன் கிறீன்பேர்க்கும் 2009இல் ஆய்வுகூடத்தில் காட்டினார்கள். மூன்று மடங்கு வேகமாக்கிய பேச்சில் கேட்டவர்கள் பாதிக்கு மேற்பட்ட சொற்களைத் தவறவிட்டார்கள். அதே ஒலியைச் சிறு துண்டுகளாக்கி, இடையிடையே 80 மில்லிசெக்கன் மௌனத்தைச் செருகியதும் பிழைகள் வெகுவாகக் குறைந்தன. கேட்கும் மூளைக்கு அசையளவில் ஒரு கதி உண்டு என்பதை இதனால் நான் முழுமனதோடு ஏற்கிறேன். மூளையில் எழும் தீற்றா (theta) எனப்படும் மின்னலைகள் செக்கனுக்கு 4 முதல் 8 தடவை எழுந்து விழுகின்றன; பல மொழிகளிலும் பேச்சொலியின் ஏற்ற இறக்கம் செக்கனுக்கு ஏறத்தாழ ஐந்து என்ற அளவில்தான் உச்சம் பெறுகிறது. தாடை திறந்து மூடும் அசைவிலிருந்தே அசை பிறந்தது என்று பேச்சின் தோற்றத்தை ஆய்ந்த பீற்றர் மக்நெயிலேஜ் 1998இல் வாதிட்டதும் இதனோடு பொருந்துகிறது.

ஆனால், அசைகள் ஊசற்குண்டுபோலச் சம இடைவெளியில் வருகின்றன என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியம் வகுத்த மொழியைப் பேசுகிற நமக்கு, அசைகள் நீளத்தில் ஒத்திரா என்பது புதிய செய்தியல்ல. முல்லைத்தீவுக் கோவலன் கூத்தை விடியவிடியப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு காதிலேயே இருக்கும். மத்தளத்துக்குப் பாட்டை எடுக்கும்போது ஒவ்வோர் அசையும் தாளத்தில் வந்து விழும். பாட்டு நின்று வசனம் தொடங்கியதும் நெடில்கள் விருப்பம்போல நீளும், குறில்கள் ஒன்றையொன்று நெருக்கும், ஆயினும் பாயில் இருக்கும் முதியவர்களுக்கு ஒரு சொல்லும் தவறுவதில்லை. தாளம் பாட்டுக்கு உரியது. வசனத்துக்கு அது கட்டாயமில்லை. அசைகளை அலைவுகள் என்று கொள்வதில் எச்சரிக்கை வேண்டும் என்று பேச்சு ஆய்வாளர் பிரெட் கமின்ஸ் 2012இல் எழுதியதை, இந்தக் காரணத்தால்தான் நான் மதிக்கிறேன்.

ஒவ்வோர் உயிரொலியும் எழும் கணத்தில் கேட்பவரின் மூளையலை, சம இடைவெளிக்குக் காத்திராமல், தன் கதியைத் திருத்திக்கொள்கிறது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அம்மா அன்று மாலை தம்பிக்குப் பதில் அனுப்பினார். பெயர்களை நினைவுபடுத்த இடையில் நின்றார், “ஓ…ம்” என்று நீட்டினார், பிறகு நான்கு சொற்களை ஒரே மூச்சில் சொன்னார். எந்தத் தாளமும் அதில் இல்லை. அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் தம்பி விடை அனுப்பியிருந்தான்.