சங்கத்தின் படகுத் தளத்துக்கு விதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு

பாய்மரப் படகுச் சங்கங்களின் பராமரிப்புத் தளங்களில் பாதுகாப்பு விதிகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "இதென்ன தொழிற்சாலையா, உறுப்பினர்கள் ஓய்வு நேரத்தில் தங்கள் படகைப் பார்த்துக்கொள்ளும் இடம்தானே" என்ற பதில் வந்துவிடுகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. தொழில்முறைப் பட்டறையில் வேலை செய்பவருக்குப் பயிற்சியும் மேற்பார்வையும் உண்டு. சங்கத்தின் தளத்திலோ அவை இல்லாமலேயே, அதே இரசாயனங்களையும் அதே எடையையும், பல நேரங்களில் குழந்தைகள் ஓடியாடும் தூரத்தில் வைத்துக் கையாளுகிறோம். ஆகவே இங்கேதான் விதிகள் கூடுதல் கண்டிப்புடன் இருக்க வேண்டும்.

படகின் அடிப்பாகத்தில் பாசியும், கொட்டலசு என்னும் ஓடுள்ள சிறு கடலுயிரிகளும் ஒட்டாமலிருக்கப் பூசும் பெயிண்டில் பெரும்பாலும் தாமிர ஆக்சைடு கலந்திருக்கிறது. உயிர்களைக் கொல்வதற்கென்றே சேர்க்கப்பட்ட நஞ்சு அது. பழைய பூச்சை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் இயந்திரத்தால் தேய்க்கும்போது, அந்தத் தூள் தேய்ப்பவரின் நுரையீரலுக்கும், பக்கத்துப் படகுக்கும், மழை பெய்ததும் நீருக்கும் போய்ச் சேர்கிறது. கொஞ்சம் தூள்தானே என்று சொல்பவர்கள் பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவை நினைத்துப் பார்க்க வேண்டும். 1970களின் பிற்பகுதியில் அங்கே சிப்பி வளர்ப்பு நிலைகுலைந்ததற்குக் காரணமானது டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்ம நஞ்சு கலந்த அடிப்பூச்சு. அதில் பெரும்பங்கு வந்தது பெருங்கப்பல்களிலிருந்து அல்ல, கரையோரம் கட்டி வைத்திருந்த உல்லாசப் படகுகளிலிருந்துதான். 1982இல் பிரான்ஸ் 25 மீட்டருக்குக் குறைவான படகுகளில் அதைத் தடை செய்தது. உலகளாவிய தடை உடன்படிக்கை 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய படகு ஒன்றில் அடுக்கடுக்காக ஏறியிருக்கும் பூச்சின் அடியில் இன்னமும் அந்த நஞ்சு இருக்கக்கூடும்.

இதற்கான வழிகள் ஒன்றும் புதியவை அல்ல. தூளை உறிஞ்சும் கருவியுடன் இணைந்த தேய்ப்பு இயந்திரம், படகுக்கு அடியில் விரித்த தார்ப்பாய், பொருத்தமான முகக்கவசம், கழுவிய நீர் மழைநீர் வடிகாலுக்குப் போகாமல் தேங்கி வண்டல் படியும் தொட்டி ஆகியவை இருந்தால் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். தொட்டியில் படியும் வண்டலையும் சுரண்டிய தூளையும் குப்பைக் கூடையில் கொட்டாமல் ஆபத்தான கழிவாக ஒப்படைக்க வேண்டும். இங்குதான் பெரும்பாலான சங்கங்கள் கைவிட்டுவிடுகின்றன.

உயிரைப் பறிக்கும் அபாயம் கரையேற்றிய படகைத் தாங்கும் முட்டுகளில் இருக்கிறது. படகின் எடையை அதன் அடியில் முதுகெலும்புபோல் நீளும் அடிக்கட்டையே தாங்க வேண்டும். பக்கவாட்டு முட்டுகள் அது சாயாமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே. எதிரெதிர் முட்டுகளைப் படகுக்கு அடியில் சங்கிலியால் பிணைக்காவிட்டால் அவை மெல்ல விலகிச் சரியும். படகை மூடும் தார்ப்பாயின் கயிற்றை முட்டில் கட்டுவது இன்னும் மோசம். காற்று தார்ப்பாயைத் தூக்கும்போது முட்டும் சேர்ந்து பிடுங்கப்படும். வண்ணம் பூசுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று உரிமையாளரே ஒரு முட்டுக்கட்டையை நகர்த்துவதை எந்தச் சங்கமும் அனுமதிக்கக் கூடாது.

ஆளிவிதை எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றும். இரு பாகங்களைக் கலந்து பூசும் பாலியூரித்தேன் பெயிண்டைத் தெளிக்கும்போது பரவும் ஐசோசயனேட் என்ற இரசாயனத்தைச் சாதாரணத் தூசிக் கவசம் தடுக்காது. அந்த இரசாயனம் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. பாய்மரத்தை நிறுத்தும் இடத்துக்கு மேலே மின்கம்பி செல்லவே கூடாது, ஏனெனில் அலுமினியப் பாய்மரம் மின்சாரத்தை நேராகக் கைக்குக் கொண்டுவந்துவிடும்.

அறிவிப்புப் பலகையில் விதிகளை ஒட்டிவைப்பதோடு கடமை முடிந்ததாக நினைக்கும் நிர்வாகக் குழுக்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. யாருடைய வேலையையும், அவர் சங்கத்தின் தலைவராகவே இருந்தாலும், அந்த நொடியே நிறுத்தும் அதிகாரத்தை ஒருவருக்கு எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். தளத்தில் இடம் ஒதுக்கும் ஒப்பந்தத்திலேயே இந்த விதிகளைச் சேர்த்து, மீறுபவரின் இடத்தை ரத்து செய்யுங்கள். தொட்டிக்கும் கழிவு அகற்றலுக்கும் ஆகும் செலவை எல்லா உறுப்பினர்களின் சந்தாவிலும் பிரித்துச் சேருங்கள்.