தலைப்பு வரிகளை எண்ண வேண்டாம், தேடுங்கள்

டேட்டா ஃபைல் படிக்கும் நிரல்களில் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற ஒரு வரி உண்டு. பைத்தான் மொழியின் தரவுத் தொகுப்புகளான பாண்டாஸில் 'ஸ்கிப்ரோஸ் = 12', நம்பையில் 'ஸ்கிப்_ஹெடர் = 12'. ஃபைலின் முதல் 12 வரிகளை, அதாவது தரவுக்கு மேலே விளக்கம் சொல்லும் தலைப்பு வரிகளை, தவிர்த்துவிட்டுப் படி என்று அர்த்தம். அந்த 12 எங்கிருந்து வந்தது? யாரோ ஒரு ஃபைலைத் திறந்து, மேலே இருந்த வரிகளை எண்ணி எழுதியது. அடுத்த ஃபைலிலும் அதே 12 இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. கருவியில் புது சென்சார் மாட்டினால் ஒரு வரி கூடும், அளந்தவர் குறிப்பு எழுதினால் இன்னொன்று கூடும், மென்பொருளைப் புதுப்பித்தால் இரண்டு காணாமல் போகும்.

குறைவாகத் தவிர்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்: நிரல் நின்றுபோகும், இல்லையென்றால் எண்கள் வர வேண்டிய இடத்தில் எழுத்துகள் வந்து நிற்கும். அதிகமாகத் தவிர்த்தால்தான் ஆபத்து, ஏனென்றால் அப்போது சத்தமே வராது. வரைபட மென்பொருள் நிறுவனமான எஸ்ரியின், நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து எண்களாக எழுதும் ஆஸ்கி கிரிட் வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பு 6 வரி என்றுதான் பலரும் மனதில் வைத்திருக்கிறார்கள், ஆனால் ஆறாவதாக வரும், தரவு இல்லாத கட்டத்துக்கு எந்த எண் என்று சொல்லும் நோடேட்டா வரி கட்டாயம் இல்லை, அது இல்லாத ஃபைலில் 5 வரிகள்தான். கண்ணை மூடிக்கொண்டு 6 தவிர்த்தால் வரைபடத்தின் வடகோடி வரிசை அப்படியே போய்விடும், அதோடு மேலிருந்து கட்டங்களை நிரப்பும் நிரலாக இருந்தால் மீதி எல்லாமே ஒரு கட்டம் வடக்கே நகர்ந்து உட்காரும். படம் பார்க்க நன்றாகவே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

இதை எப்போதோ யோசித்தவர்களும் இருக்கிறார்கள். வளிமண்டல அளவீடுகளுக்கான நாசா ஏம்ஸ் வடிவத்தில் ஃபைலின் முதல் எண்ணே தலைப்பில் மொத்தம் எத்தனை வரிகள் என்பதுதான். அதைப் படித்து அத்தனை வரி தாண்டினால் போதும். செயற்கைக்கோள் வழிகாட்டுத் தரவுக்கான ரைனெக்ஸில் தலைப்பு முடியும் இடத்தில் 'எண்ட் ஆஃப் ஹெடர்' என்றே எழுதியிருக்கும், மேலே எத்தனை வரி வந்தாலும் கவலையில்லை. ஃபைல் எழுதும் மென்பொருளைச் செய்கிற எல்லோரிடமும் நான் கேட்பது இந்த இரண்டில் ஒன்றைத்தான்.

# குறியில் தொடங்கும் வரிகளைத் தள்ளிவிடும் வசதி பாண்டாஸிலும் ஆர் (R) என்ற நிரல் மொழியிலும் இருக்கிறதே என்பீர்கள். நல்ல வசதிதான், ஆனால் மரபணுத் தரவுக்கான விசிஎஃப் ஃபைலில் அதைப் போட்டுப் பாருங்கள். அங்கே விளக்க வரிகள் ## என்று தொடங்கும், நெடுவரிசைப் பெயர்கள் இருக்கும் வரியோ ஒற்றை # போட்டுத் தொடங்கும். பாண்டாஸின் அந்த வசதி ஒரே ஒரு எழுத்தைத்தான் ஏற்கும், அதனால் பெயர் வரியும் சேர்ந்து போய், முதல் தரவு வரி பெயராகிவிடும். அப்புறம், தரவின் நடுவில் எங்காவது # வந்தால் அந்த வரியின் மீதியும் வெட்டுப்படும்.

சரி, எந்த அடையாளமும் இல்லாத ஃபைல் என்றால்? நெடுவரிசைப் பெயர் வரியையே அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆர் மொழியின் டேட்டா.டேபிள் தொகுப்பில் இருக்கும், ஃபைல் படிக்கும் எஃப்ரீடு கட்டளைக்கு ஸ்கிப் என்பதில் எண்ணுக்குப் பதிலாக ஒரு சொல்லைக் கொடுக்கலாம், அந்தச் சொல் வரும் முதல் வரியிலிருந்து படிக்கும். பைத்தானில் வரிவரியாகப் படித்து அந்தப் பெயரைத் தேடும் நிரல் ஐந்தாறு வரிதான். பெயர் முதல் வரியிலேயே வந்தால், சில மென்பொருள்கள் ஃபைலின் தொடக்கத்தில் போடும், கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறி முன்னால் ஒட்டியிருந்து ஒப்பீட்டைக் கெடுக்கலாம், அதற்கு எழுத்துக் குறியாக்கத்தை (என்கோடிங்) 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்துத் திறவுங்கள். தேடிய வரி கிடைக்கவில்லை என்றால் பழைய 12-க்குத் திரும்பாமல், ஃபைலின் பெயரைச் சொல்லி நிரல் அங்கேயே நிற்கட்டும்.

இன்னொன்று, தாண்டிய வரிகளைத் தூக்கி எறிய வேண்டாம். அலகு, நேர மண்டலம், விடுபட்ட அளவுக்கு -999 போட்டார்களா -9999 போட்டார்களா என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். படித்த அட்டவணையோடு அந்த வரிகளையும் சேர்த்தே சேமியுங்கள்.